கையொப்பமும் நற்சாட்சியும்

“ஸ்பைடர்மேன்” என நாடு போற்றிய மலேசியக் கோல்காவலர் ஆர். ஆறுமுகம் 1988-இல் மறைந்தார். அவர் கையொப்பமிட்ட உடுப்பென்று ஒன்று இணையத்தில் விலைக்கு வந்ததாகக் கொள்வோம். பிரிக்பீல்ட்ஸ் இளைஞனும் கிள்ளான் தோட்டத் தொழிலாளியும் அன்பு மேலீட்டால் மாதச் சம்பளத்தையே ஈவர். உடன்வரும் நற்சாட்சிப் பத்திரமே அவர்களுக்கு வேதவாக்கு.

அமெரிக்காவில் 1990-களில் எப்.பி.ஐ. துப்பறிந்த மோசக் கூட்டமோ, கையொப்பத்தோடு நற்சாட்சியையும் போலியாகவே செய்தது. அன்னை தெரசா கையொப்பமிட்ட பேஸ்பால் பந்துகூட அங்கே அகப்பட்டது!

சம்பள நாள்தோறும் கையொப்பம் ஒப்பிட்டுப் பழகிய தோட்டக் கிராணிகளாகிய நாம் கூறுவது இதுவே: பத்திரத்தை நம்பற்க. உடுப்பு 1988-க்கு முன் தைத்ததா, ஐயமற்ற பழைய கையொப்பத்தோடு ஒக்கின்றதா, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என வினவுக. வினவாத அன்பு வஞ்சகனுக்கு ஆதாயம்; வீரனுக்குப் பெருமையன்று.