இரவு மந்தையின் மேய்ப்பர்

நியூயார்க்: வானளாவியின் காலடியில் ஒரு தேவாலயம்

லெக்ஸிங்டன் அவென்யூவும் 54-வது தெருவும் சந்திக்கும் முனைக்கு வருகிறவர்கள் முதலில் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். 59 மாடி. உச்சியில் கத்தியால் சீவியது போல் சரிந்த கூரை. கழுத்து வலித்துப் பார்வையைக் கீழே இறக்கினால்தான் விநோதம் புலப்படுகிறது. கட்டடத்தின் கால்கள் மூலைகளில் இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் நிற்கின்றன. நான்கு மூலைகளும் ஒன்பது மாடி உயரத்தில் அந்தரத்தில் தொங்குகின்றன. அதில் ஒரு மூலைக்கு அடியில், மடக்கி வைத்த கூடாரம் போல, சாம்பல் நிறக் கருங்கல்லில் ஒரு சிறிய தேவாலயம்.

செயின்ட் பீட்டர்ஸ் லுத்தரன் ஆலயம். லுத்தரன் என்றதும் தமிழர்களுக்குத் தரங்கம்பாடியும் 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்கும் நினைவுக்கு வரலாம். அதே ஜெர்மன் மரபில் வந்த சபைதான் இதுவும். ஜெர்மன் குடியேறிகள் 1862-ல் தொடங்கியது. இந்த முனையில் அவர்கள் கட்டிய கோயில் எழுபதாண்டு போல நின்றது. 1970களின் தொடக்கத்தில் சிட்டிபாங்க் அந்த வட்டாரத்தை மொத்தமாக வளைத்துப் போட்டபோது சபைக்கு வசதியான வழி ஒன்று இருந்தது: பணத்தை வாங்கிக்கொண்டு வாடகை குறைந்த பேட்டைக்கு நகர்ந்துவிடுவது. நகரத்தின் வேறு பல சபைகள் செய்தது அதைத்தான். இவர்கள் இடத்தை விற்றார்கள், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அதே முனையில், வங்கியின் கோபுரத்தோடு ஒட்டாத தனிக் கட்டடமாக, புதிய கோயில் எழும்ப வேண்டும். ஆகவே கோபுரம் தன் கால்களை நகர்த்தி வைத்துக்கொண்டது. வங்கி ஒன்று கோயிலுக்காக இடம் விட்டு நிற்பதை நியூயார்க்கில் அடிக்கடி பார்க்க முடியாது.

எதற்கு இத்தனை பிடிவாதம்? காரணங்கள் பல. அந்த முனையை விட்டு நகர்ந்தால் கைவிடப்படுவார்கள் என்று கருதத்தக்க ஒரு கூட்டம் அதற்குள் சபையைச் சுற்றிச் சேர்ந்திருந்தது என்பதும் அதில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்கு வரவே முடியாத கூட்டம் அது. அதைச் சேர்த்தவர் ஜான் கார்ஸியா ஜென்ஸல் என்ற பாதிரியார்.

1917-ல் பியூர்ட்டோ ரிக்கோ தீவில் பிறந்து, பென்ஸில்வேனியாவில் வளர்ந்தவர். கடற்படையில் குருவாக இருந்தவர். 1950களின் நடுவில் நியூயார்க்குக்கு மாற்றலாகி, பிராட்வேயில் 93-வது தெருவிலிருந்த ஒரு லுத்தரன் கோயிலின் பொறுப்பை ஏற்றார். புது ஊருக்கு வந்த பாதிரியார்கள் சபையாரின் வீட்டு விலாசங்களைத் தேடிப் போவது வழக்கம். இவர் கூடவே இன்னொன்றும் செய்தார். நியூ ஸ்கூல் என்ற கல்வி நிலையத்தில் மார்ஷல் ஸ்டேர்ன்ஸ் நடத்திய ஜாஸ் வரலாற்று வகுப்பில் சேர்ந்தார். பாடம் படித்தவர் பாடத்தைக் கேட்கவும் போக வேண்டுமல்லவா? இரவுகளில் கிளப்புகளுக்குப் போக ஆரம்பித்தார்.

அந்த நாளைய மன்ஹாட்டனில் ஜாஸுக்குத் தனி வரைபடமே உண்டு. வடக்கே ஹார்லெமில் 118-வது தெருவில் மின்டன்ஸ். 1940களில் 'பீபாப்' உருவான இடங்களில் ஒன்று. நடுவே 52-வது தெரு. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு கிளப்பாக இருந்து பிறகு அலுவலகக் கட்டடங்களுக்கு இரையான தெரு. அதற்கு அருகே பிராட்வேயில் பேர்ட்லாண்ட். தெற்கே கிரீன்விச் வில்லேஜில், 1935-லிருந்து நடந்துவரும் வில்லேஜ் வான்கார்ட். படியிறங்கிப் போக வேண்டிய நிலவறை. கிழக்கே கூப்பர் ஸ்கொயரில் ஃபைவ் ஸ்பாட். பேட்டைக்கு ஒரு ஸ்வரம், பேட்டைக்கு ஒரு வாசனை. பெரும்பாலும் விஸ்கி வாசனை. கழுத்தில் வெள்ளைக் காலருடன் ஒரு பாதிரியார் அங்கே மேஜை பிடித்து உட்கார்ந்தபோது வாத்தியக்காரர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமல்ல. ஆனால் மனிதர் பிரசங்கம் செய்யவில்லை. கச்சேரி கேட்டார். கேட்டுவிட்டு அடுத்த கிளப்புக்குப் போனார்.

பழகப் பழக அவருக்கு ஒன்று புரிந்தது. சனிக்கிழமை இரவு வேலைக்குப் போகும் கலைஞர் வீடு திரும்பும்போது விடியற்காலை நான்கு மணி. பதினொரு மணி ஆராதனைக்கு அவர் எப்படி வருவார்? இதில் பக்திக் குறைவு எதுவும் இல்லை, பிரச்னை கடிகாரத்தில்தான். வராததால் அவர்களுக்குச் சபை இல்லை. சபை இல்லாததால் கல்யாணத்துக்கோ, ஆஸ்பத்திரிப் படுக்கைக்கோ, சாவுக்கோ கூப்பிட ஆளில்லை. போதை மருந்தும் குடியும் காசநோயும் கலைஞர்களை முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் கொண்டுபோன காலம் அது. அடக்கம் செய்யப் பாதிரியார் வேண்டியிருந்தது.

1965-ல் லுத்தரன் சபை அவரை ஜாஸ் சமூகத்துக்கான ஊழியத்தில் அதிகாரபூர்வமாகவே அமர்த்தியது. அதே ஆண்டு செயின்ட் பீட்டர்ஸில் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு 'ஜாஸ் வெஸ்பர்ஸ்' என்ற ஆராதனை தொடங்கியது. கலைஞர்கள் தூங்கி எழுந்து, சாப்பிட்டு, அன்றிரவு வேலைக்குப் போவதற்கு முன் வரக்கூடிய நேரம். ஜெபமும் வேத வாசிப்பும் வழக்கம் போல. பாட்டுக்கு மட்டும் ஆர்கனோடு சாக்ஸபோனும் டிரம்ஸும்.

எதிர்ப்பு இருந்தது. வெள்ளையர் சபைகளுக்கு ஜாஸ் என்றால் சாராயக் கடை. கறுப்பர் சபைகள் பலவற்றுக்கும் அது பிசாசின் சங்கீதமாகவே பட்டது. டியூக் எலிங்டன் போன்ற மேதையே தப்பவில்லை. 1966-ல் அவருடைய பக்தி இசைக் கச்சேரி வாஷிங்டனில் நடந்தபோது ஆதரவளிக்க முடியாது என்று அந்நகரின் பாப்டிஸ்ட் போதகர் மாநாடு சொல்லிவிட்டது.

ஜென்ஸலின் வாதம் எளிமையானது. ஜாஸில் ஒருவர் வாசிப்பது அவருடைய சொந்த நிலைமையை. அந்த நேரத்தில், அந்த இடத்தில் அவருக்கு இருக்கும் வலியையும் மகிழ்ச்சியையும். அதைவிட நேர்மையான ஜெபம் எது? தமிழ் ரசிகர்களுக்கு இதைப் புரிந்துகொள்ளச் சிரமமிருக்காது. எழுதி வைத்ததை ஒப்பிப்பது வேறு, மனோதர்மம் வேறு. கோயில் நாகஸ்வரக்காரர் சுவாமி புறப்பாட்டில் ஆலாபனை செய்வதை யாரும் வழிபாட்டுக்கு இடையூறு என்று சொன்னதில்லை.

எலிங்டன் அவருக்கு நெருங்கிய நண்பரானார். 1968 ஜனவரியில் செயின்ட் ஜான் தி டிவைன் பேராலயத்தில் நடந்த இரண்டாவது பக்தி இசைக் கச்சேரியில் ஒரு பகுதியை ஜென்ஸலுக்கென்றே எழுதினார். அதன் தலைப்பு: 'இரவு மந்தையைக் காக்கும் மேய்ப்பர்'. பெத்லகேம் வயல்வெளியில் இரவில் மந்தை காத்த மேய்ப்பர்களின் கதை தெரிந்தவர்கள் சிரித்திருப்பார்கள். டிரம்பெட்டில் முனகியும் உறுமியும் அதை வாசித்தவர் கூட்டி வில்லியம்ஸ். பட்டப் பெயர் நிலைத்துவிட்டது.

ஆனால் அந்த மந்தை எப்படிப்பட்டது என்பது தெரிந்தது அதற்கு முந்தைய ஆண்டில். 1967 மே 31 அன்று எலிங்டனின் நிழலாக இருந்த இசையமைப்பாளர் பில்லி ஸ்ட்ரேஹார்ன் புற்றுநோயில் இறந்தார். ஹார்லெமுக்குப் போகும் 'ஏ' ரயிலைப் பாட்டாக்கியவர். இறுதி ஆராதனை செயின்ட் பீட்டர்ஸில். சுமார் ஒன்றரை மாதத்தில், ஜூலை 17 அன்று, ஜான் கோல்ட்ரேன் ஈரல் புற்றுநோயில் போனார். வயது 40.

கோல்ட்ரேனின் தாத்தாக்கள் இருவருமே போதகர்கள். போதைப் பழக்கத்தை உதறி எழுந்த 1957-ஐத் தம் மறுபிறப்பாகவே அவர் கருதினார். அந்த நன்றிக்கடனைத் தீர்க்க 1964 டிசம்பரில் ஒரே நாளில் பதிவு செய்ததுதான் 'எ லவ் சுப்ரீம்'. நான்கு பகுதிகள். கடைசிப் பகுதிக்குப் பெயர் 'ஸாம்'. தமிழ் பைபிளைத் திறந்தால் அந்தச் சொல்லுக்கு நேராக இருப்பது 'சங்கீதம்'. பாட்டு, வேதம் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கும் வசதி ஆங்கிலத்துக்கு இல்லை. கோல்ட்ரேன் அதை வாத்தியத்தால் செய்தார். இசைத்தட்டின் உறையில் கடவுளுக்கு அவரே எழுதிய கவிதை அச்சாகியிருக்கிறது. சாக்ஸபோன் அந்தக் கவிதையை அசை அசையாக, வார்த்தை இல்லாமல் சொல்லிக்கொண்டு போகிறது. உறையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் வரிக்கு வரி பின்தொடரலாம்.

ஜூலை 21 அன்று சவப்பெட்டி செயின்ட் பீட்டர்ஸுக்கு வந்தது. முன்னின்று நடத்தியவர் ஜென்ஸல். கோல்ட்ரேன் லுத்தரன் அல்ல. எல்லா மதங்களையும் நம்புவதாகச் சொன்னவர். இந்திய இசையில் தோய்ந்து, தம் மகனுக்கு ரவி சங்கரின் நினைவாக ரவி என்று பெயர் வைத்தவர். சடங்கு நூலின்படி பார்த்தால் ஒரு பாதிரியார் தயங்க இடமுண்டு. ஜென்ஸல் தயங்கியதாகத் தெரியவில்லை. ஆல்பர்ட் அய்லர் குழு தொடக்கத்தில் வாசித்தது. நடுவே அய்லர் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்து இரண்டு முறை அலறினார். நண்பர் கால்வின் மாஸி அந்தக் கவிதையை வாய்விட்டு வாசித்தார். ஆர்னெட் கோல்மன் குழு முடித்து வைத்தது.

கணவரை இழந்த ஆலிஸ் கோல்ட்ரேன் தேறுதல் தேடிப் போய்ச் சேர்ந்தது நியூயார்க்கில் யோகாசனம் கற்பித்துக்கொண்டிருந்த ஒரு கோயமுத்தூர்க்காரரிடம்: சுவாமி சச்சிதானந்தா. 1971-ல் வெளியான அவருடைய இசைத்தட்டு ஒன்றின் தலைப்பிலேயே அந்தப் பெயர் இருக்கிறது.

பழைய கோயில் 1973-ல் இடிக்கப்பட்டது. புதியது 1977-ல் திறந்தது. தரைமட்டத்துக்குக் கீழே இறக்கிக் கட்டப்பட்ட ஆராதனைக் கூடம். தெருவோரத்தில் பெரிய கண்ணாடி ஜன்னல். பக்கத்தில் சின்னஞ்சிறு ஜெப அறை. அதன் வெண்ணிறச் சிற்பங்களை வடித்தவர் லூயிஸ் நெவல்ஸன் என்ற யூதப் பெண்மணி.

மறு ஆண்டே ஒரு கூத்து. கோயிலுக்காகக் கால் நகர்த்திய அந்தக் கோபுரம், மூலைவாட்டில் அடிக்கும் புயல் காற்றைத் தாங்காமல் விழக்கூடும் என்று அதை வடிவமைத்த பொறியாளர் வில்லியம் லெமெஷூரியரே கண்டுபிடித்தார். இரும்புச் சட்டங்களைப் பற்றவைப்பதற்குப் பதிலாக ஆணி முடுக்கியிருந்தார்கள். 1978 ஆகஸ்ட் முதல் இரவு இரவாக, அலுவலகம் காலியான பிறகு, பற்றவைப்பு நடந்தது. நகரத்தின் பெரிய பத்திரிகைகள் அப்போது வேலைநிறுத்தத்தில் இருந்தது வங்கியின் அதிர்ஷ்டம். விஷயம் வெளியே வந்தது 1995-ல்தான். இரவில் உழைத்து விடியலில் வீடு திரும்பிய அந்தத் தொழிலாளர்களையும் மந்தையில் சேர்த்துக்கொள்ளலாம்.

1982-ல் தெலோனியஸ் மங்கின் இறுதிச் சடங்கு இந்தப் புதிய கூடத்தில் நடந்தது. இன்னும் எத்தனையோ பேருக்கும் நடந்தது. ஜென்ஸல் 1990களின் தொடக்கத்தில் ஓய்வு பெற்று, பென்ஸில்வேனியாவுக்குத் திரும்பி, 1998 பிப்ரவரியில் 80 வயதில் காலமானார்.

தெருவுக்குக் கீழே கோயில் கட்டினால் தெருத் தண்ணீரும் வரும். 2021 ஜனவரியில் லெக்ஸிங்டனில் குடிநீர்க் குழாய் வெடித்துக் கூடத்துக்குள் வெள்ளம் புகுந்தது. 1977-ல் ஜெர்மனியிலிருந்து வந்த கிளைஸ் ஆர்கனும் பாழ்பட்டது. கோபுரத்துக்கு இப்போது சிட்டிகார்ப் என்ற பெயரும் இல்லை. 601 லெக்ஸிங்டன் என்ற கதவு எண்தான். கோயில் அதே முனையில் நிற்கிறது. நடைபாதையில் போகிறவர்கள் கண்ணாடிக்கு அருகே ஒரு கணம் நின்று, குனிந்து கீழே எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.