படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் விளையாடுகிற பிள்ளை இருந்தால் அவசியம் படியுங்கள்.

மூன்று வருடங்களுக்கு முன்பு என்னிடம் படித்த ஒருவர் வீட்டுக்கு வந்தார். கொத்தனார் வேலை பார்க்கிறார். மகளையும் அழைத்து வந்திருந்தார். நம் பக்கத்தில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் அந்தப் பிள்ளை இரண்டாம் ஆண்டு படித்தாள். கல்லூரி கோ-கோ அணியில் ஆடுபவள். வெளிமாநிலத்தில் ஒரு போட்டிக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள்.

"எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டேன். ஆட்டத்தைப் பற்றிச் சொல்வாள் என்று நினைத்தேன். ரயிலைப் பற்றிச் சொன்னாள்.

"வர்றப்ப ரிசர்வேஷன் இல்ல தாத்தா. கக்கூஸ் பக்கத்துல கதவோரமா உட்காந்து வந்தோம். ரெண்டு ராத்திரி. ஆளு மாத்தி ஆளு முழிச்சிருந்தோம். சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு நூறு ரூவா குடுத்தாங்க. ராத்திரிக்கு பன்னும் வாழைப்பழமும்தான்."

பிறகு சாதாரணமாக ஒன்று சொன்னாள். "ஊருக்கு வந்ததும் ஒரு தாள்ல கையெழுத்து வாங்குனாங்க. ஒண்ணும் எழுதாம வெறுமனே இருந்துச்சு. ஸ்டாம்ப் மட்டும் ஒட்டியிருந்துச்சு."

எனக்குச் சுருக்கென்றது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

1991, 92ஆம் ஆண்டுகளில் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஷீலா ராணி சுங்கத் அம்மையார் ஆட்சியராக இருந்த காலம். கல்குவாரியில் வேலை பார்த்த பெண்கள் எல்லாம் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் நானும் ஒரு அரிக்கேன் விளக்கோடு தெருத்திண்ணைக்குப் போவேன். கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த தாய்மார்கள் தங்கள் பெயரை எழுதிய நாளில் அழுததைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பேத்தி வயதுப் பிள்ளை இவள். பட்டப்படிப்பு படிக்கிறாள். வெற்றுத்தாளில் அழகாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். வெற்றுத்தாளில் போடும் கையெழுத்துக்கும் கைநாட்டுக்கும் என்ன வித்தியாசம்?

"கேட்டுப் பார்ப்போமா?" என்றேன்.

அவள் அப்பா பதறிவிட்டார். "வேணாம் சார். இன்னும் ஒரு வருசம் இருக்கு. டீம்ல இருந்து எடுத்துட்டா? மார்க்குல கை வச்சுட்டா?"

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு வசதி உண்டு. இந்தியக் குடிமகன் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். எதற்காகக் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக் கூடாது. 6(2) பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆகவே பிள்ளையின் பெயரே வராமல் என் பெயரில் எழுதினேன். ஒரு மாணவியை, ஒரு போட்டியை மட்டும் குறிப்பிட்டுக் கேட்டால் யார் சொன்னது என்று தெரிந்துவிடும். அதனால் மூன்று வருடத்துக் கணக்கையும் கேட்டேன்.

வெள்ளைத்தாளில் ஐந்து கேள்விகள். மாணவர்களிடம் விளையாட்டுக் கட்டணமாக வசூலான தொகை எவ்வளவு? அதில் எந்தெந்த இனத்துக்கு எவ்வளவு செலவானது? எந்தெந்தப் போட்டிக்கு எத்தனை பேர் போனார்கள்? அவர்களுக்கான பயணப்படி, தினப்படி பட்டியலின் நகல். பயணச்சீட்டு, ரசீது, பில் பாஸான தேதி ஆகியவற்றின் நகல். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

முப்பது நாளைக்குள் பதில் தர வேண்டும். இருபத்தெட்டாம் நாள் வந்தது. "எங்களுடையது தனியார் நிர்வாகம். இச்சட்டம் பொருந்தாது." இரண்டே வரி.

இங்கே கொஞ்சம் வகுப்பு எடுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய பழக்கம்.

இந்தச் சட்டம் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது 2005 அக்டோபர் 12. அதற்கு முன்பே 1997இல் நம் தமிழ்நாட்டில் ஒரு தகவல் உரிமைச் சட்டம் வந்துவிட்டது. ஓட்டைகள் நிறைய இருந்ததால் பெரிதாகப் பயன்படவில்லை. உண்மையான வேகம் ராஜஸ்தான் கிராமங்களிலிருந்து வந்தது. சாலை போட்டோம், குளம் வெட்டினோம் என்று பஞ்சாயத்தில் எழுதியிருந்த கூலிப் பட்டியலை, அருணா ராயும் அவருடைய சங்கத்து மக்களும் ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். செத்துப்போனவர்கள் பெயரிலும் கூலி கொடுத்ததாக எழுதியிருந்தது. 1996இல் பியாவர் ஊரில் நாற்பது நாள் தர்ணா இருந்தார்கள். யாரோ பெரிய அதிகாரிகள் உட்கார்ந்து யோசித்து நமக்குக் கொடுத்தது அல்ல இந்தச் சட்டம். கூலிப் பட்டியலில் தன் பெயரைத் தேடிய ஏழைகள் வாங்கித் தந்தது.

சரி, விளையாட்டுக்கும் கல்லூரிக்கும் இது பொருந்துமா? 2010 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம், இந்திய ஒலிம்பிக் சங்கமும் காமன்வெல்த் போட்டி அமைப்புக்குழுவும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ப்பளித்தது. 2019 செப்டம்பரில் டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது. நிர்வாகம் தனியாருடையதாக இருந்தாலும், அரசின் பணம் கணிசமாகப் போகும் கல்லூரி பொது அதிகார அமைப்புதான். பேராசிரியர்களின் சம்பளத்தை அரசு கொடுக்கும்போது கணக்கை மட்டும் தனியார் என்று பூட்டிவைக்க முடியாது.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அங்கேயும் இதே கதைதானாம். அரசுப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுத் துறை வரவு செலவுகளைப் பத்திரிகைகள் வருடாவருடம் சட்டப்படி கேட்டு வாங்கி வெளியிடுகின்றன. தனியார் பல்கலைக்கழகங்கள் கொடுப்பதில்லை. அங்கே தனி விமானத்துக்கு ஆன செலவு. இங்கே பன்னும் வாழைப்பழமும். கேள்வி ஒன்றுதான்: பிள்ளைகள் பெயரில் எடுத்த பணம் யாருக்குப் போனது?

உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எழுதி முதல் மேல்முறையீடு செய்தேன். அதற்குக் கட்டணம் இல்லை. பதில் வந்த முப்பது நாளைக்குள் செய்ய வேண்டும். மூன்று வாரம் கழித்துப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. கட்டினேன். ஒரு கட்டு நகல் வந்து சேர்ந்தது. வங்கிக் கணக்கு எண்களை மட்டும் கறுப்பு மையால் அழித்திருந்தார்கள். அது சரிதான், சட்டப்படிதான்.

சாப்பாட்டு மேஜையில் பரப்பிவைத்துச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். அந்தப் பிள்ளையின் கையெழுத்து இருந்தது. ஆறு நாளைக்குத் தினப்படி, நாளொன்றுக்கு இருநூறு ரூபாய் வீதம் பெற்றுக்கொண்டதாக எழுதியிருந்தது. அவள் கையில் வாங்கியது நூறு. பன்னிரண்டு பேருக்குக் கணக்குப் போட்டால் 7,200 ரூபாய். ரயில் கட்டணம், போக வர எல்லாருக்கும் ஸ்லீப்பர் என்று எழுதியிருந்தது.

பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுவாரமே உடற்கல்வி இயக்குநர் என் வீட்டுக்கு வந்துவிட்டார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தால், மனிதர் உட்கார்ந்து பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார்.

"ஐயா, போட்டி லெட்டர் எனக்கு வந்ததே நாலு நாளைக்கு முன்னாடிதான். வர்ற டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டுலயே நின்னுபோச்சு. அட்வான்ஸ் கேட்டா கிடைக்காது. எல்லாம் என் கைக்காசு. பில் பாஸாகி ஏழு மாசம் கழிச்சுத்தான் வந்துச்சு. ஷூ வாங்க, ஜெர்சி வாங்கத் தலைப்பே கிடையாது. ஒரு பிள்ளைக்கு முட்டியில அடிபட்டு ஸ்கேன் எடுத்தோம். அதை எந்தத் தலைப்புல எழுதுறது, நீங்களே சொல்லுங்க."

நோட்டில் எல்லாம் தேதிவாரியாக இருந்தது. ஷூ, ஜெர்சி, ஸ்கேன். கூட்டிப் பார்த்தோம். டிக்கெட்டில் திரும்பிய பணமும் மிச்சம் பிடித்த தினப்படியும் அவருக்கு மிஞ்சவில்லை. கையைவிட்டுத்தான் போயிருந்தது. அவர் செய்தது சரி என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளைகளின் சாப்பாட்டைக் குறைத்து ஷூ வாங்குவது தப்பு. பொய்ப் பட்டியலில் கையெழுத்து வாங்குவது அதைவிடத் தப்பு. அதை அவரிடமே சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் போன பிறகு மறுபடியும் அந்தக் கட்டை எடுத்தேன். நான் சிவப்புப் பேனாவால் வட்டம் போடாத பக்கத்தில்தான் விஷயம் இருந்தது. விளையாட்டுக் கட்டணமாக எல்லா மாணவரிடமும் வசூலான தொகையில், பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் மூன்றில் ஒரு பங்குகூடப் போகவில்லை. விளையாட்டு விழாப் பந்தல், அழைப்பிதழ், சிறப்பு விருந்தினர் கார், பொன்னாடை, மதிய விருந்து என்று பெரும்பகுதி போயிருந்தது. எல்லாவற்றுக்கும் ஒழுங்கான ரசீது இருந்தது. அந்தப் பக்கங்களில் பொய் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் கதவோரம் உட்கார்ந்து வந்த அதே மாதம், விருந்தினருக்கு வாங்கிய சால்வைக்கு உடனே பணம் பட்டுவாடா ஆகியிருக்கிறது.

இதை ஒரே ஒரு பக்கக் கடிதமாக எழுதி நிர்வாகத்துக்கு அனுப்பினேன். திட்டவில்லை. அவர்களுடைய கணக்கையே இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதினேன், அவ்வளவுதான். பழைய தொகை பிள்ளைகளுக்குத் திரும்பி வந்தது என்று எழுத ஆசை. வரவில்லை. ஆனால் அடுத்த வருடம் தினப்படி நேராகப் பிள்ளைகளின் வங்கிக் கணக்குக்குப் போனது. அணி புறப்படும் முன்பே எவ்வளவு தொகை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். 4ஆம் பிரிவின்படி யாரும் கேட்காமலே அவர்கள் வெளியிட்டிருக்க வேண்டிய விஷயம்தான் இது.

கணக்கு எல்லாம் வெளியே வர வேண்டும் என்று சொல்லும்போது ஒன்றை மறக்கக் கூடாது. நம் கத்தக்குறிச்சி சாந்தியை நினைத்துப் பாருங்கள். செங்கல் சூளைத் தொழிலாளி மகள். 2006இல் தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினப் பரிசோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் உடலைப் பற்றிய விஷயம் உலகம் முழுக்கச் செய்தியானது. மூடியிருக்க வேண்டியது அது. திறந்திருக்க வேண்டியது செலவுக் கணக்கு. நம் நாட்டில் பல சமயம் இது தலைகீழாக நடக்கிறது. 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் சட்டத்தின் 8(1)(j) பிரிவை மாற்றி, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்று ஆக்கியிருக்கிறது. பெயர் உள்ள ரசீதையெல்லாம் இதைச் சொல்லி மறுத்துவிடுவார்களோ என்பது என் கவலை. அப்படி மறுத்தால், பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்னும் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. அதைச் சொல்லிக் கேளுங்கள்.

2022இல் உத்தரப் பிரதேசம் சஹாரன்பூரில் கபடி ஆட வந்த சிறுமிகளுக்கான சோற்றைக் கழிப்பறையில் வைத்திருந்ததைப் பார்த்தோம். யாரோ வீடியோ எடுத்ததால் தெரிந்தது. வீடியோ எடுக்க எல்லா இடத்திலும் ஆள் இருக்காது. தாள் எல்லா இடத்திலும் இருக்கும்.

இப்போது கடைசி விஷயம். இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

தொண்ணூறுகளில் பள்ளிப் பிள்ளைகளை வட்டார விளையாட்டுப் போட்டிக்கு நானும் அழைத்துப் போயிருக்கிறேன். பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குவேன். ஒரு வருடம் போட்டி முடிந்த பின் ஒரு பையன் பட்டியலைப் பார்த்துவிட்டு, "சார், இதுல பதினஞ்சுன்னு போட்டிருக்கு. எனக்கு அஞ்சு ரூவாதானே குடுத்தீங்க?" என்று கேட்டான். மீதிக் காசில் பந்தும் வலையும் வாங்கியிருந்தேன். அதைச் சொல்லியிருக்கலாம். எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "போடுடா கையெழுத்து" என்று முதுகில் ஒன்று வைத்தேன். போட்டான். அதற்குப் பிறகு என்னிடம் அவன் எதுவுமே கேட்டதில்லை.

அரிக்கேன் விளக்கில் கையெழுத்துச் சொல்லிக் கொடுத்த அதே கைதான் அது. என் முப்பது சொச்ச வருட வேலையில் மிகச் சரியான கேள்வியைக் கேட்ட மாணவன் அவன். அவனை அடித்தேன்.

பெயர் நினைவில் இல்லை. யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், வரவில்லை. தம்பி, இதை நீ படித்துக்கொண்டிருந்தால், என்னை மன்னித்துவிடு. உன் பிள்ளை ஏதாவது தாளைக் கொண்டுவந்து "அப்பா, இதுல வேற எழுதியிருக்கு" என்று சொன்னால், அடிக்காமல் கேள்.

மற்றவர்களுக்கு: பிள்ளைகளிடம் இரண்டே விஷயம் சொல்லி அனுப்புங்கள். எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதே. எழுதிய தாளைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள். பிறகு கேட்க வேண்டியது இருந்தால் கேட்கலாம். மனு எழுதத் தெரியாதவர்கள் வீட்டுக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருப்பேன். பேனா இருக்கிறது, தாள் இருக்கிறது. பத்து ரூபாய் ஸ்டாம்ப் மட்டும் வாங்கி வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்