இருவர் காக்கும் களம்

முதல் வெள்ளியன்று சிங்கவரத்தில் நோயுற்றோருக்கு நற்கருணை வழங்கச் சென்றிருந்தோம். குன்றின் அடிவாரத்து வீடொன்றில் பக்கவாதத்தால் மூன்றாண்டுகளாய்ப் படுக்கையில் இருக்கிறார் ஒருவர். அவரைப் பேணும் மனைவியைத் தேற்ற எண்ணி, நாம் அறிந்த விளையாட்டுச் செய்தியொன்றைக் கூறினோம்.

2021 செப்டம்பரில், அமெரிக்க ஓப்பன் டென்னிஸ் மகளிர் இரட்டையர் அரையிறுதியில், பிரேசில் வீராங்கனை லூயிசா ஸ்டெபானி முழங்காலில் கடுங்காயமுற்று வீழ்ந்தார். அவருடைய இணையான கனடாவின் கேப்ரியேலா டப்ரோவ்ஸ்கிக்குக் காயம் ஏதுமில்லை. ஆயினும் ஒருவர் விலகினால் மற்றவர் தனித்து ஆடலாகாது என்பது விதி. இருவரும் களம் நீங்கினர். ஓராண்டு கழித்து, 2022 செப்டம்பரில், சென்னை ஓப்பன் போட்டிக்காக நுங்கம்பாக்கம் அரங்கில் ஸ்டெபானி மீண்டும் இறங்கியபோது, உடன் நின்றவர் அதே டப்ரோவ்ஸ்கி. இறுதியாட்டத்தில் 6-1, 6-2 என வென்று இருவரும் கோப்பையை ஏந்தினர்.

"பொறுத்திருந்தால் நல்ல நாள் வரும், அம்மா" என்று முடித்தோம்.

"அந்தப் பெண் எழுந்து வந்துவிட்டாள், சாமி. இவர் இனி எழமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டாரே" என்றார் அவர்.

நம் நா அடங்கிற்று. திரும்பும் வழியில்தான் நம் பிழை விளங்கியது. ஒற்றையர் ஆட்டத்தில் களத்தின் அகலம் 27 அடி. இரட்டையர் ஆட்டத்தில் 36 அடி. இருவருக்கென அகலமாக்கிய களத்தை அந்தத் தாய் மூன்றாண்டுகளாய்த் தனியே காத்து வருகிறார். நாமோ பார்வையாளர் வரிசையில் அமர்ந்து பொறுமையைப் போதித்தோம்! தாங்குகிறவரும் ஒருநாள் தளரக்கூடும். அந்த டப்ரோவ்ஸ்கிக்கே 2024-ல் மார்பகப் புற்றுநோய் கண்டது அல்லவா?

அடுத்த ஞாயிறு அன்பியத் தாய்மாரிடம் இதனைக் கூறி, நம் குறையையும் ஒப்புக்கொண்டோம். இப்போது முறைவைத்து இருவர் அவ்வீடு செல்கின்றனர். சென்ற ஞாயிறு, மூன்றாண்டுகளுக்குப் பின், அந்த அம்மாள் பூசைக்கு வந்திருந்தார். கணவர் எழவில்லை, கோப்பையும் இல்லை. ஆனால் களத்தில் அவர் தனித்து இல்லை.

அன்பர்களே, உங்கள் தெருவில் தனித்து நிற்பவர் யார்? அவருக்கு அறிவுரை சொல்லுமுன், அவர் அருகில் சென்று நிற்போம்.