பாலும் பொத்தலும்



இப்போது விற்பனைக்கு வரும் மலை மிதிவண்டிகள் பலவற்றின் டயருக்குள் டியூப் இருப்பதில்லை. டயரின் விளிம்பு ரிம்மோடு இறுகப் பொருந்திக் காற்றைக் காக்கிறது. ரிம்மில் உள்ள கம்பித் துளைகளை நாடா ஒட்டி மூடியிருப்பார்கள். உள்ளே ஏறக்குறைய 100 மில்லிலிட்டர் வெண்ணிற அடைப்பு நீர்மம் ஊற்றப்பட்டிருக்கும். அத்தகைய மிதிவண்டி ஒன்றை நானும் ஓட்டுகிறேன். எனவே, பொத்தல் அடைக்கும் முறையை முதலில் கூறிவிடுகிறேன்.

சிறு முள் குத்தினால், வெளியேறும் காற்றோடு நீர்மமும் துளைக்குள் புகுந்து உறைந்துவிடும். துளை கீழ்ப்பக்கம் வருமாறு சக்கரத்தைத் திருப்பி நிறுத்தினால் பெரும்பாலும் போதும். சற்றுப் பெரிய துளையாயின், பிசுபிசுப்பான இரப்பர்த் திரியை ஊசி போன்ற கருவியில் கோத்துச் செருக வேண்டும். திரியை ஆயத்தமாக வைத்துக்கொண்ட பின்னரே ஆணியைப் பிடுங்குவது நன்று. டயரின் பக்கச்சுவர் பெரிதாகக் கிழிந்துவிட்டால், வால்வைக் கழற்றிவிட்டு டியூப் ஒன்றை இட்டு வீடு சேர முயலலாம். நம் நாட்டு வெப்பத்தில் நீர்மம் விரைவில் காய்ந்துவிடும் என்பதால், இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பார்த்து நிரப்புதல் அவசியம்.

கடந்த பள்ளி விடுமுறையில், வீட்டு வாசலில் அமர்ந்து அந்நீர்மப் புட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்த என் தாயார் எழுந்து வந்து, "என்னப்பா, பால் வாடை அடிக்குது?" என்று கேட்டார். முப்பது ஆண்டுகள் இரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர் அவர். புட்டியில் இருந்ததும் இரப்பர்ப் பால்தான். உறைந்துவிடாமல் இருக்க அதில் அம்மோனியா கலந்திருக்கிறார்கள். தோட்டத்திலும் அதே காரணத்திற்காகவே பாலில் அம்மோனியா சேர்ப்பார்கள். அந்த நெடியைத்தான் அவர் அடையாளம் கண்டுகொண்டார்.

அது டயருக்குள் என்ன செய்கிறது என்று விளக்கினேன். "மரம் செய்யறதத்தானே இதுவும் செய்யுது!" என்றார். உண்மைதான். பட்டையில் காயம் பட்டால் வடிந்து, உறைந்து, காயத்தை மூடுவது பாலின் இயல்பு. அவ்வாறு மூடிக்கொள்வதால்தான், சீவுபவர் ஒவ்வொரு முறையும் ஒட்டுப்பாலை உரித்துவிட்டு, மெல்லிய பட்டையைப் புதிதாகச் சீவ வேண்டியிருக்கிறது. விடியுமுன்னே நிரையில் இறங்கியதற்கும் காரணம் உண்டு. குளிர்ந்த பொழுதில்தான் பால் நன்றாக வடியும். மரத்தின் உட்பகுதியைக் காயப்படுத்தாமல் எவ்வளவு ஆழம் சீவலாம் என்பதை அவர் கை அறியும்.

பள்ளி திறந்ததும் அப்புட்டியையும் பழைய டயர்த் துண்டையும் ஐந்தாம் ஆண்டு வகுப்பிற்குக் கொண்டு சென்றேன். 1877ஆம் ஆண்டில் இரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்ததையும், 1888இல் டன்லப் மிதிவண்டிக்கான காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றதையும் கரும்பலகையில் எழுதினேன். மிதிவண்டிக்கும் பின்னர் மோட்டார் வண்டிக்கும் டயர் தேவைப்பட்டதால் மலாயாவில் தோட்டங்கள் பெருகின. நம் முன்னோர் பலர் அத்தோட்டங்களுக்காகவே கப்பலேறினர்.

தாத்தா பாட்டியின் தொழிலைக் கேட்டால் எங்கள் மாணவர் சிலர் தலைகுனிந்து, "சும்மா, தோட்டத்து வேலை" என்பார்கள். அன்று பாடம் முடியும் தறுவாயில் ஒரு மாணவி எழுந்து, "என் பாட்டியும் பால்மரம் வெட்டினவங்கதான், ஐயா. உறையறதுக்கு என்ன ஊத்துவாங்கன்னு கேட்டு வரவா?" என்றாள். மறுநாள், "பார்மிக் அமிலம்" என்ற விடையோடு வந்தாள். அன்றிரவு பாட்டி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாராம். 'சும்மா' என்ற சொல்லை அவள் பயன்படுத்தவில்லை.

தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அத்தொழிலை அறிந்தவர்களும் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். பெற்றோர்களே, வீட்டுப் பெரியவர்களிடம் பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். ஆசிரிய நண்பர்களே, ஒரே ஒரு பாடவேளையை அப்பெரியவர்களுக்கு ஒதுக்குங்கள். அடுத்த மாதம் என் தாயார் எங்கள் வகுப்பிற்கு வர இசைந்துள்ளார். மங்கு ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.