ஊதாக் கம்பியில் ஐந்து வோல்ட்

மேசைக் கணினி ஒன்றை 'ஆன் ஆகவில்லை' என்று சொல்லிப் பழுதுபார்க்கும் கடையில் இறக்கி வைக்கும் பயனாளருக்கு அச்சொல் ஒரே பொருளைத் தருகிறது. தொழிலாளிக்கோ அது குறைந்தது மூன்று பொருளைத் தருகிறது. பொத்தானை அழுத்தினால் எந்த அசைவும் இல்லாதது ஒரு நிலை. விசிறி ஒரு துடிப்புத் துடித்து நின்றுவிடுவது இன்னொரு நிலை. விசிறி ஓயாமல் சுற்றியும் திரை இருண்டே கிடப்பது வேறொரு நிலை. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலும், அதனோடு பின்னிக் கிடக்கும் நரசிங்கபுரம் தெருவிலும், மாடிப்படிக்குக் கீழேயும் மேலேயும் இயங்கும் சிறு பட்டறைகளில் முதலிரண்டை 'நோ பவர்' என்றும் மூன்றாவதை 'நோ டிஸ்பிளே' என்றும் பிரிக்கின்றனர். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே நடைபெறும் இந்தப் பிரிவினைதான் வேலையின் பாதி என்பதை அத்தகைய பட்டறை ஒன்றைப் பார்வையிடும் எவரும் உணரலாம்.

பார்வையிடப்பட்ட பட்டறை, இருவர் அருகருகே அமர்ந்தால் மூன்றாமவர் நிற்க வேண்டிய அளவுடையது. மூத்த தொழிலாளி பேசுவதைவிட மிகுதியாகக் கேட்கிறார். "காலையில மட்டும் ஆன் ஆகலையா, எப்பவுமே ஆகலையா?", "கரன்ட் போய் வந்தப்புறமா?", "பெட்டியை இடம் மாத்தி வெச்சீங்களா?" என்ற அவருடைய கேள்விகள் ஒவ்வொன்றும் ஒரு பழுதை நோக்கியவை. இடம் மாற்றப்பட்ட கணினியில் பெரும்பாலும் கம்பியோ நினைவகப் பலகையோ தளர்ந்திருக்கும். அப்பலகையைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை அழிரப்பரால் தேய்த்து மீண்டும் பொருத்தினாலே இருண்ட திரைகள் பல ஒளிபெற்றுவிடுகின்றன.

பொத்தான் அறவே வேலை செய்யாத கணினியில் முதலில் சோதிக்கப்படுவது சுவர் மின்செருகியும் ஸ்பைக் பஸ்டர் எனப்படும் நீட்டிப்புப் பலகையும் ஆகும். அடுத்துச் சோதிக்கப்படும் எஸ்.எம்.பி.எஸ். என்பது, வீட்டின் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தைக் கணினிக்கு வேண்டிய 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரங்களாக மாற்றித் தரும் உலோகப் பெட்டியாகும். இன்டெல் நிறுவனம் 1995இல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். என்ற அமைப்புமுறையில், கணினி அணைக்கப்பட்டிருக்கும்போதும் இப்பெட்டியின் ஒரு பகுதி விழித்தே இருக்கிறது. கணினியின் தாய்ப்பலகையான மதர்போர்டுக்குச் செல்லும் 24 முனைச் செருகியில் ஊதா நிறக் கம்பி வழியாக அது இடைவிடாமல் 5 வோல்ட் அனுப்பிக்கொண்டிருப்பதால்தான், மெல்லிய பொத்தான் ஒன்றைத் தொட்டதும் கணினியால் எழ முடிகிறது. ஆகவே செத்துக் கிடப்பதாகத் தோன்றும் கணினியிலும் மல்டிமீட்டரின் சிவப்பு முனை முதலில் தேடுவது ஊதாக் கம்பியையே, அங்கு 4.75 முதல் 5.25 வரை காட்டினால் அந்தப் பகுதி நலமாக உள்ளது என்பது பொருள்.

பொத்தான் அழுத்தப்பட்டதும் அச்செய்தி மதர்போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லுகளை அடைகிறது. அவை பச்சைக் கம்பியைத் தரைமட்ட மின்னழுத்தத்துக்கு இறக்குகின்றன. அதை ஆணையாகக் கொண்டு எஸ்.எம்.பி.எஸ். முழுதாக விழிக்கிறது. இந்தத் தொடர் தெரிந்தவருக்குச் சோதனை எளிது. முன்பக்கப் பொத்தானின் கம்பியைக் கழற்றி, அது பொருந்தியிருந்த இரு ஊசிகளைத் திருப்புளி நுனியால் கணநேரம் இணைத்தால், பழுது பொத்தானிலா அதற்கு அப்பாலா என்பது விளங்கிவிடும். அப்பால்தான் என்றால், பெருஞ்செருகியைப் பிடுங்கி, பச்சைக் கம்பியைக் கறுப்போடு சிறு கம்பித் துண்டால் சேர்ப்பர். விசிறி சுற்றினால் எஸ்.எம்.பி.எஸ். நலம் என்று உடன் பணிபுரியும் இளையவர் முடிவுகட்ட முற்பட்டபோது மூத்தவர் தடுத்தது குறிப்பிடத்தக்கது. சுமையில்லாமல் ஓடும் பெட்டி சுமை ஏறியதும் படுத்துவிடலாம் என்பதால், வண்டியின் 12 வோல்ட் பல்ப் ஒன்றை மஞ்சள் கம்பியில் மாட்டி, அது எரியும்போதும் அளவு 11.4க்குக் கீழே இறங்கவில்லை என்று கண்ட பிறகே அவர் அடுத்த படிக்குச் சென்றார்.

விசிறி துடித்து நிற்கும் பழுதே இத்தொழிலின் நுட்பத்தை முழுமையாகக் காட்டுவது. எங்கோ ஓரிடத்தில் மின்சாரம் நேரே தரைக்கு ஓடுகிறது, அதாவது 'ஷார்ட்' ஆகிறது; அதை உணர்ந்து எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. செயலிக்குத் தனியாகச் செல்லும் 4 அல்லது 8 முனைச் செருகியைக் கழற்றிவிட்டுப் பொத்தானை அழுத்தும்போது விசிறி தொடர்ந்து சுற்றினால், குற்றம் பெரும்பாலும் செயலியின் அருகிலுள்ள மாஸ்ஃபெட்டுகளில் உள்ளது. 12 வோல்ட்டைச் செயலிக்கு வேண்டிய ஏறத்தாழ 1 வோல்ட்டாகக் குறைப்பதற்கு இடைவிடாது திறந்து மூடும் மின்கதவுகளே மாஸ்ஃபெட்டுகள். வரிசையில் ஒன்று உருகி ஒட்டிக்கொண்டாலும் அளவுகருவி எல்லாவற்றையும் ஒன்றுபோலவே காட்டுவதால், குற்றவாளியை அறிய மேசை மின்வழங்கியிலிருந்து மிகக் குறைந்த வோல்ட் செலுத்தி, பலகையின் மீது ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தடவுகின்றனர். எந்த இடம் முதலில் உலர்கிறதோ அங்கே சூடு பிறக்கிறது. ஈரம் ஒரு சிறு வட்டமாக விலகி, கறுப்புச் சில்லு ஒன்று மட்டும் காய்ந்து தெரியும் அந்தக் காட்சி, எத்தனை முறை கண்டாலும் வியப்புக் குறையாதது.

இத்தகைய வேலையைச் 'சிப் லெவல் சர்வீஸ்' என்பர். பலகையையே மாற்றிவிடாமல் அதிலுள்ள சில்லை மட்டும் மாற்றுவது என்று பொருள். பலகைகளின் மின்சுற்று வரைபடங்களைத் தயாரிப்பாளர்கள் பொதுவாக வெளியிடுவதில்லை. எனவே நல்ல பலகை கைக்கு வரும்போதெல்லாம் அதன் முக்கிய முனைகளின் அளவுகளைக் கோடிட்ட நோட்டில் குறித்துவைத்து, பழுதான பலகையோடு ஒப்பிடுகின்றனர். எண்ணெய்க் கறை படிந்த அந்த நோட்டு ஒரு நூலுக்குரிய மதிப்புடையது. கணினிக்கு முன்பே வானொலி, தொலைக்காட்சி உதிரிபாகங்களால் பெயர்பெற்றது ரிச்சி தெரு. 'சீரிஸ் பல்ப்' வழக்கம் அந்தத் தலைமுறையின் கொடை: சரிசெய்த எஸ்.எம்.பி.எஸ்.ஸை நேரே மின்சாரத்தில் இணைக்காமல் இடையே ஒரு 100 வாட் குண்டு பல்பை வைப்பர். பல்ப் கணநேரம் மின்னி மங்கினால் நலம், முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே இன்னும் ஷார்ட் உள்ளது. பெட்டிக்குள் இருக்கும் பெரிய மின்தேக்கி, அதாவது மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் உருளை, சுமார் 325 வோல்ட் வரை ஏறி நிற்பதாலும், செருகியைப் பிடுங்கிய பின்னும் அம்மின்னழுத்தம் சிறிது நேரம் தங்கக்கூடும் என்பதாலும், பயிற்சியற்றவர் அந்த உலோகப் பெட்டியைத் திறக்கவே கூடாது.

உழைப்புக்கு ஈடான கூலி இத்தொழிலில் கிடைக்கிறதா என்ற வினா எளிதில் விலகுவதாயில்லை. பலகையை மாற்றினால் பொருளின் விலை கண்ணுக்குத் தெரிவதால் வாடிக்கையாளர் மறுபேச்சின்றித் தருகிறார்; அதே பலகையைச் சில ரூபாய்ச் சில்லால் உயிர்ப்பித்தால், கண்டுபிடிக்கச் செலவான மூன்று மணி நேரத்துக்குப் பேரம் பேசுகிறார். நெடுங்காலப் பட்டறிவே அந்த மூன்று மணி நேரத்தில் விற்கப்படுகிறது. அதற்குரிய விலையைக் கேட்கத் தொழிலாளி கூசவும் வாடிக்கையாளர் கொடுக்கத் தயங்கவும் காரணம் எதுவும் இருக்கக்கூடாது.

மாலையில் வந்த கணினி ஒன்று, காலையில் மட்டும் எழ மறுப்பது. ஊதாக் கம்பிக்கு மின்சாரம் தரும் சுற்றிலுள்ள சிறு மின்தேக்கி, சுவரின் சுவிட்சு போடப்பட்டிருக்கும் வரை ஓய்வின்றி வெந்துகொண்டிருப்பதால் அதன் உள்நீர்மம் மெல்ல வற்றுகிறது. வற்றியதும் சூடாக இருக்கையில் ஓரளவு வேலை செய்யும். இரவில் சுவிட்சை அணைத்தாலோ மின்வெட்டு நேர்ந்தாலோ குளிர்ந்து, மறுமுறை எழ இயலாமற்போகும். இளையவர் அந்த மின்தேக்கியை மாற்றினார். கணினி உடனே எழுந்தது. மூத்தவர் அதை ஏற்கவில்லை. மின்செருகியைப் பிடுங்கி, பெட்டியின் மேல் மார்க்கர் பேனாவால் தேதியை எழுதி, இரவு முழுதும் அப்படியே விடச் சொன்னார். மறுநாள் கடை திறந்ததும், வேறு எதையும் தொடுவதற்கு முன், அவர் முதலில் அழுத்தியது அந்தப் பொத்தானைத்தான்.