கல்லாப்பெட்டி



நம் ஆலயத்தின் வெஸ்ட்ரியில் ஒரு பழைய கல்லாப்பெட்டி இருப்பதைக் கண்டிருப்பீர்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் தகப்பனார் கணக்குப்பிள்ளையாயிருந்த வெல்ல மண்டியிலிருந்து வந்தது அது. மண்டியை மூடியபோது முதலாளி அதை அவருக்கே கொடுத்துவிட்டார்.

தேக்குமரம், மூலைகளில் பித்தளைத் தகடு. மூடி முன்பக்கமாய்ச் சரிந்திருக்கும். அப்பா மெத்தையில் சம்மணமிட்டு அமர்ந்து, அச்சரிவின்மேலேயே பேரேட்டை விரித்து எழுதுவார். பணம் வந்தால் மூடியைத் தூக்கி உள்ளே போடுவார். காசுகளுக்குத் தனித்தனிக் குழிகள், நோட்டுகளுக்கு ஓர் அறை, அதன் அடியில் தெரியாதவர் விரலுக்கு அகப்படாத இன்னோர் அறை. ஜப்பானிய வணிகர் கப்பலில் கொண்டுசென்ற பழம்பெட்டிகளின் படங்களை ஒரு நூலில் கண்டேன். வெளியே இரும்புப் பட்டைகள், உள்ளே இரகசிய இழுப்பறைகள். எந்நாட்டுத் தச்சனும் திருடன் வெளியிலிருந்துதான் வருவான் என்றே எண்ணியிருக்கிறான் போலும்.

நான் வெளியிலிருந்து வரவில்லை. பத்து வயதில், அப்பா தராசருகே சென்றிருந்த வேளையில், அதிலிருந்து ஐம்பது காசு எடுத்தேன். மாலையில் இருப்பு நாள்வழியோடு ஒத்துவரவில்லை. அப்பா மூன்று முறை எண்ணினார். பிறகு தம் சட்டைப்பையிலிருந்து ஐம்பது காசை எடுத்து உள்ளே போட்டுப் பூட்டினார். வீடு சேரும்வரை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாம் இராஜாக்கள் 12-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். யோவாஸ் அரசாண்ட 23-ஆம் வருஷத்திலும் ஆலயம் பழுதாகவே நின்றது. அப்பொழுது ஆசாரியனாகிய யோய்தா மூடியில் துவாரமிட்ட ஒரு பெட்டியைப் பலிபீடத்தருகே வைத்தான். பணம் மிகுந்தபோது ராஜாவின் சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் சேர்ந்தே எண்ணினார்கள். பிரதான ஆசாரியனேயாயினும் தனியே எண்ணவில்லை. அதே அதிகாரத்தில், வேலையை நடத்தியவர்களிடமோ கணக்கே கேட்கவில்லை. அவர்கள் உண்மையாய் நடந்தார்கள். இவ்விரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்பது இறையியல் கல்லூரியில் எனக்கு விளங்கவில்லை. முதலாளி அப்பாவிடம் ஒருநாளும் கணக்குக் கேட்டதில்லை; அப்பாவோ ஒரு மாலையும் எண்ணாமல் பூட்டியதில்லை. அதை நினைத்தபோது விளங்கிற்று.

இப்போது ஞாயிறுதோறும் காணிக்கையை அந்த மூடியின்மேல்தான் எண்ணுகிறோம். பொருளாளரும் ஒரு மூப்பரும் எண்ணுவார்கள். "ஐயரே, நீங்களும் உட்காரலாமே" என்று பொருளாளர் அழைப்பார். நான் வாசலிலேயே நின்றுவிடுவேன். காரணத்தை அவரிடம் சொன்னதில்லை.

1998-இல் அப்பாவை அடக்கம்பண்ணினோம். அவரிடமும் சொல்லவில்லை.