பாலை நகரில் முதல் நாள்

தமிழ் மரபு பாலையைத் தனியொரு நிலமாக எண்ணவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்டுத் திரியும்போது பாலை தோன்றும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் கருத்து. ஆண்டு முழுவதும் வறண்டே கிடக்கும் பாலைவனத்தைக் காணவேண்டும் என்ற விருப்பத்தோடு, சென்னைக்குத் தெற்கே மாடம்பாக்கத்தில் வாழும் கணவரும் மனைவியும் ஓர் அரையாண்டு விடுமுறையில் இராஜஸ்தானத்து ஜெய்சல்மேருக்குப் புறப்பட்டனர். கணவர் இரயில்வே பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பள்ளி ஆசிரியை.

ஜோத்பூரில் ஏறிய இரவு இரயில் விடியற்பொழுதில் தார்ப் பாலைவனத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மார்கழிக் குளிர் சன்னல் கம்பிகளைச் சில்லிடச் செய்திருந்தது. வெளியே முட்புதர்களும் ஒட்டகங்களும், இடையிடையே சிற்றிலை மரங்களும் தெரிந்தன. “இது நம் ஊர்க் கோயில்களில் நிற்கும் வன்னி மரம் அல்லவா?” என்றார் மனைவி. அவர் எண்ணியது சரியே. கேஜ்ரி என்னும் பெயரில் இராஜஸ்தானத்தின் மாநில மரமாகப் போற்றப்படுவதும் வன்னியே.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கோட்டை கண்ணில் பட்டது. பட்டி இராசபுத்திர மரபினரான இராவல் ஜெய்சல், 1156ஆம் ஆண்டில் திரிகூடக் குன்றின்மேல் எழுப்பிய கோட்டை அது. சுற்றுமதிலில் 99 கொத்தளங்கள் உள்ளன. மஞ்சள் நிற மணற்கல்லால் ஆன மதில், காலை வெயில் பட்டதும் பொன்னாக மின்னியது. சத்யஜித் ராய் 1974இல் எடுத்த ‘சோனார் கெல்லா’ என்னும் வங்கமொழித் திரைப்படத்தின் பெயருக்குப் பொன்கோட்டை என்பதே பொருள். இராஜஸ்தானத்தின் பிற மலைக்கோட்டைகளோடு சேர்ந்து 2013இல் இது யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று.

விடுதியில் பைகளை வைத்துவிட்டு இருவரும் கோட்டைக்குள் நுழைந்தனர். நான்கு பெருவாயில்களைக் கடந்தால் உள்ளே ஓர் ஊரே இருக்கிறது. குறுகிய தெருக்களில் குழந்தைகள் விளையாடினர். மாடங்களில் துணிகள் உலர்ந்தன. கடைக்காரர்கள் வணிகத்துக்குக் கூவி அழைத்தனர். எட்டு நூற்றாண்டுகளைக் கடந்தும் மக்கள் குடியிருக்கும் கோட்டை இது. சமணக் கோயில்களின் நுண்ணிய சிற்பங்களுக்கு முன் கணவர் நெடுநேரம் நின்றார். தூங்கானை மாடமாக அமைந்த தம் ஊர்த் தேனுபுரீசுவரர் கோயில் அவர் நினைவுக்கு வந்தது.

மதிலோரம் நடந்தபோது, கொத்தளங்கள் சிலவற்றில் பழுது பார்க்கப்பட்ட தழும்புகளை அவர்கள் கண்டனர். அதன் காரணம் வியப்பூட்டுவது. படைகளின் முற்றுகைகளைத் தாங்கிய இக்கோட்டையை இன்று அரிப்பது தண்ணீர். முற்காலத்தில் பெண்கள் ஏரியிலிருந்து குடங்களில் சுமந்து வந்த நீரே கோட்டை மக்களுக்குப் போதுமானதாக இருந்தது. சுமந்த நீரின் அருமை அறிந்து அளவோடு செலவிட்டனர். பின்னர்க் குழாய்கள் வந்தன, விடுதிகளும் பெருகின. பயன்படுத்தியபின் வெளியேறும் நீர் சீரற்ற வடிகால்களிலிருந்து கசிந்து, குன்றின் களிமண் அடுக்குகளை இளக்கியது. கொத்தளங்கள் சில இடிந்து விழுந்தன. உலக நினைவுச்சின்ன நிதியம் 1996இல் இக்கோட்டையை அழிவை எதிர்நோக்கும் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. நீரின்றித் தவித்த நகரம், நீரை மதிக்க மறந்தபோது நிலை குலைந்தது.

மாலையில் அவர்கள் கடீசர் ஏரிக்குச் சென்றனர். பதினான்காம் நூற்றாண்டில் இராவல் கட்சி சிங் சீரமைத்த இந்த ஏரியே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நகருக்குக் குடிநீர் தந்தது. கரைகளில் படித்துறைகளும் மண்டபங்களும் சிறு கோயில்களும் சூழ்ந்துள்ளன. இன்று இந்திரா காந்தி கால்வாய் பஞ்சாபின் ஆற்றுநீரைத் தொலைவிலிருந்து இப்பாலை மாவட்டத்துக்குக் கொண்டுவருகிறது. அன்றோ வானம் தந்தது மட்டுமே கைம்முதல். மழைநீர் வழிந்து வரும் நிலத்தை மக்கள் ‘ஆகோர்’ என்று அழைத்தனர். அங்கே அழுக்குச் சேராமல் காப்பதைக் கடமையாகக் கொண்டனர்.

ஜெய்சல்மேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. சென்னையில் பெய்வதோ ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். ஏழு மடங்கு மழை பெற்றும் சென்னை பட்ட பாட்டை இருவரும் அறிவர். 2015 டிசம்பரில் தாம்பரத்தைச் சுற்றியுள்ள பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், நகருக்கு நீர் தரும் பெரிய ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் குடிநீர் வந்தது. “சரக்கு ஏற்றிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு மாநகரத்தின் தாகத்துக்காகத் தண்ணீர் ஏற்றிய வண்டியை அன்றுதான் பார்த்தேன்” என்றார் கணவர்.

மனைவி படித்துறையில் அமர்ந்து நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாடம்பாக்கம் ஏரிக்குள் தோண்டிய கிணறுகளிலிருந்துதான் சுற்றுப்புறத்துக்குக் குடிநீர் செல்கிறது. அவர்கள் வீட்டுக் குடத்திலும் அந்த நீரே நிறைகிறது. “நம் ஏரிக்கு மழைநீர் எந்த வழியாக வருகிறது?” என்று கேட்டார். கணவர் எண்ணிப் பார்த்தார். முப்பது ஆண்டுகளாக அந்த ஏரிக்கரை வழியே நடந்தவர் அவர். மதகு இருக்கும் இடம் தெரியும். கலங்கல் இருக்கும் இடமும் தெரியும். நீரைக் கொண்டுவரும் கால்வாய்கள் எங்கே தொடங்குகின்றன, எந்தத் தெருக்களுக்கிடையே வருகின்றன, அவற்றில் எத்தனை இன்னும் திறந்திருக்கின்றன என்பன தெரியவில்லை.

“தெரியவில்லை” என்றார்.

“என் மாணவர்களுக்கும் தெரியாது. ஊர் திரும்பியதும் அவர்களையும் அழைத்துக்கொண்டு ஏரியை ஒருமுறை சுற்றி வருவோம். பள்ளி திறக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது” என்றார் மனைவி. கணவர் தம் பையிலிருந்து சிறு குறிப்பேட்டை எடுத்து, அன்றைய நாளுக்கான பக்கத்தில் ‘வரத்துக்கால்வாய்கள்’ என்று எழுதிக் கீழே கோடிட்டார்.